மைப்பேனாவுக்கு ஏற்ற தாள்: கொங்கு நாட்டுக் கடைகளில் பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு தாள் மைப்பேனாவுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துகொள்ள ‘ண்’ என்ற ஒரே எழுத்தை எழுதிப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். மூன்று சுழியும் தனித்தனியாகத் திறந்து நிற்கிறதா? மேலே வைத்த புள்ளி உருண்டையாகவே இருக்கிறதா, எறும்புக்குக் கால் முளைத்த மாதிரி சுற்றிலும் இழை விட்டிருக்கிறதா? பார்த்துவிட்டுத் தாளைத் திருப்புங்கள். சுமாரான தாளில் பின்பக்கம் எழுத்து தெரியாது, புள்ளிகள் மட்டும் வரிசையாகத் தெரியும். தமிழில் புள்ளி வைக்கும்போதுதான் பேனா முள் தாளின் மேல் ஒரு கணம் நின்று எழுகிறது. நின்ற இடத்தில் மை இறங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து நல்ல பெயர் வாங்கிய எத்தனையோ நோட்டுகள் தமிழ் எழுதத் தொடங்கியதும் பின்பக்கம் புள்ளிக்கோலம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் நம் எழுத்துக்கு, நம் கையில் இருக்கும் பேனாவுக்கு, நம் ஊர்க் கடையில் கிடைக்கும் தாளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதத் தோன்றியது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் ஜப்பான் தாளுக்கு ஏங்க வேண்டியதில்லை. காகிதம் செய்கிற ஆலைகளே நம் காவிரிக் கரையில் இருக்கின்றன. தாளைப் பார்த்து வாங்கத் தெரிந்தால் போதும்.

தாளுக்கும் கஞ்சி உண்டு

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) சென்னிமலையில் தறியில் இருந்துவிட்டுப் பிறகு ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்குக் கணக்கெழுதப் போனவர். அவர் எழுதிய பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. தாளின் ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. ஆனால் மூட்டைக் கணக்கும் எடையும் கமிஷனும் எழுதிய கருநீல வரிகள் இன்றைக்கும் கத்தியால் கீறிய மாதிரி நிற்கின்றன. இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தைத் தொந்தரவு செய்யவில்லை. “தாளுக்குக் கஞ்சி இருக்கோணும் கண்ணு, கஞ்சி இல்லாத தாளு மையைக் குடிச்சுப்போடும்” என்பார். தறிக்காரர் பேச்சு என்று அப்போது நினைத்தேன். வெகுகாலம் கழித்துத்தான் அது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது.

சோமனூர், பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு ‘சைசிங்’ என்றால் விளக்க வேண்டியதில்லை. பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி ஏற்றுவது. காகித ஆலையிலும் அதே பெயரில் அதே மாதிரி ஒரு வேலை நடக்கிறது. காகிதம் என்பது மர நாரோ கரும்புச் சக்கை நாரோ தண்ணீரில் கலந்து, சல்லடையில் படியவிட்டு, அழுத்திக் காயவைத்த ஒரு நார்ப்பாய். நாருக்கும் நாருக்கும் நடுவே நுண்ணிய சந்துகள் இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தச் சந்துகள் தண்ணீரை இழுக்கும். மைப்பேனாவின் மை பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் தடுப்பு எதுவும் போடாத தாள் மையை நார் போன திசையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும்.

தடுப்பு இரண்டு இடத்தில் போடுகிறார்கள். கூழிலேயே கலப்பது ஒன்று. பழைய முறையில் பைன் மரப் பிசினும் ஆலம் என்ற அலுமினிய உப்பும் கலந்தார்கள். இப்போது பல ஆலைகள் ஏ.கே.டி. என்ற மெழுகு போன்ற பொருளைக் கலக்கின்றன. இன்னொன்று, தாள் உருவான பிறகு மேற்பரப்பில் ஸ்டார்ச் பூசுவது. சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் துணி ஆலைக்கும் போகிறது, காகித ஆலைக்கும் போகிறது. இந்த இரண்டு தடுப்பும் ஒழுங்காக இருந்தால் மை மேற்பரப்பில் நின்று காயும். நிறம் நன்றாகத் தெரியும். ஒரே கோட்டில் அடர்த்தியும் வெளிர்ப்புமாக அழகு வரும். தடுப்பே போடாமல் விட்ட தாளுக்கு நமக்குத் தெரிந்த பெயர் மை ஒற்றும் தாள்.

தாளில் வரும் கோளாறுகள் மூன்று. கோட்டின் ஓரத்தில் இழை இழையாக மை பரவுவதை வேர் விடுவது என்று சொல்கிறேன். மை தாளைத் துளைத்துப் பின்பக்கம் வருவது ஊறுவது. மை வராமல், எழுத்தின் நிழல் மட்டும் பின்பக்கம் தெரிவது நிழலடிப்பது. முதல் இரண்டும் கஞ்சிக் குறை. மூன்றாவது மெல்லிய தாளின் இயல்பு, அதைக் குறை என்று சொல்லக் கூடாது. இந்த வித்தியாசம் மனசில் இருந்தால் கடையில் பாதிக் குழப்பம் தீரும்.

படி 1: எதற்கு எழுதுகிறீர்கள்?

தினமும் நாலு வரி நாட்குறிப்பு, கல்லூரி வகுப்பில் ஓட்டமாக எழுதும் குறிப்பு, சொந்தக்காரருக்குக் கடிதம், வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய கணக்கு. இவை நான்கும் நான்கு தாள் கேட்கும்.

ஓட்டமாக எழுதுபவருக்கு மை சீக்கிரம் காய வேண்டும். வழவழப்பான உயர்ந்த தாளில் மை காய அரை நிமிஷம்கூட ஆகும். அதற்குள் பக்கத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கத்தில் அச்சு விழும். இடது கையால் எழுதுபவர்களுக்கு இது இன்னும் கஷ்டம், எழுதிய வரியின் மேலேயே கை போகிறது. இவர்களுக்குக் கொஞ்சம் சொரசொரப்பான, கொஞ்சம் மை இழுக்கிற தாள்தான் நல்ல தாள். கடிதம் எழுதுபவர் அவசரப்படத் தேவையில்லை. அவருக்கு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் சந்தோஷம். இரண்டு பக்கமும் எழுதுவீர்களா, ஒரே பக்கம்தானா என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே பக்கம் என்றால் நிழலடிப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், மெல்லிய தாள் தாராளமாக வாங்கலாம்.

படி 2: பேனாவையும் மையையும் கையோடு எடுத்துப் போங்கள்

கடைக்காரர் நீட்டும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிப் பார்த்துத் தாள் வாங்குவது வீண் வேலை. பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை, அது எந்தத் தாளிலும் நிற்கும். உங்கள் பேனா, உங்கள் மை, நீங்கள் வழக்கமாக எழுதும் வேகம் மூன்றும் சேர்ந்துதான் சோதனை.

மையிலும் ஈரமான மை, வறண்ட மை என்று உண்டு. பெலிக்கன் 4001 வறண்ட ரகம், சுமாரான தாளில்கூட அடக்கமாக நிற்கும். சில கண்ணாடிப் புட்டி மைகள் கொட்டுகிற மாதிரி இறங்கும், அவற்றுக்குக் கெட்டியான கஞ்சித் தாள் வேண்டும். முள்ளும் அப்படியே. ஜப்பானியப் பேனாவின் ஃபைன் முள் மெல்லிய கோடு விடும். சென்னையிலும் ராஜமுந்திரியிலும் கையால் கடைந்து செய்யும் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களில், முள்ளுக்கு அடியில் இருக்கும் நாக்கு தாராளமாக மை விடுவதால் அதே ஃபைன் முள் தடித்து எழுதும். ஒருவர் சிபாரிசு செய்த தாள் இன்னொருவர் கையில் பாழாவதற்குக் காரணம் இதுதான், சிபாரிசு செய்தவர் பொய் சொல்லவில்லை.

உங்களிடம் நாலைந்து பேனா இருந்தால் அதிலேயே அதிகம் மை விடும் பேனாவை எடுத்துப் போங்கள். அது தேறினால் மற்றது எல்லாம் தேறும்.

படி 3: ஜி.எஸ்.எம். சொல்வதும் சொல்லாததும்

ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜி.எஸ்.எம். எடைக் கணக்கு, அவ்வளவுதான். தடிமனைக்கூட அது நேராகச் சொல்வதில்லை. கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

நானே ஒருமுறை 100 ஜி.எஸ்.எம். என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த நோட்டைக் கணிசமான விலை கொடுத்து வாங்கினேன். கெட்டி அட்டை, நாடா, எல்லாம் இருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதுமே சுழியைச் சுற்றி வேர். ஐந்தாவது வரிக்குள் பின்பக்கம் முழுக்கப் புள்ளி. தாள் கெட்டியாகத்தான் இருந்தது. உள்ளே பஞ்சு மாதிரி இருந்தது. அதற்கு நேர் எதிராக, ஜப்பானின் டோமோயே ரிவர் தாள் 52 ஜி.எஸ்.எம்.தான். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு, நிழல் நன்றாகத் தெரியும், ஆனால் மை ஊறாது. முன்பு டோமோயேகாவா என்ற நிறுவனம் செய்தது, இப்போது சன்சென் என்ற நிறுவனம் செய்கிறது. பிரான்சின் ரோடியா 80, கிளேர்ஃபோந்தேன் 90. இந்த மூன்றையும் உலகம் முழுக்க மைப்பேனாக்காரர்கள் கொண்டாடுவது எடைக்காக இல்லை, மேற்பரப்புக்காக.

ஆனாலும் எடையை அறவே ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு பக்கமும் எழுதுபவருக்கு 70-க்குக் கீழே போனால் நிழல் கண்ணை உறுத்தும். 75 முதல் 90 வரை நம் வேலைக்குப் போதும்.

அட்டையில் போட்ட எண்ணை நம்புவதா என்று சந்தேகம் வந்தால் வீட்டுத் தராசு போதும். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். எனவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். 500 தாள் கட்டு என்றால் 70-க்கு 2.18 கிலோ, 75-க்கு 2.34 கிலோ, 80-க்கு 2.5 கிலோ, 100-க்கு 3.12 கிலோ வர வேண்டும். மேலுறை எடை கொஞ்சம் கூடும். மளிகைக் கடைத் தராசில் வைத்தே பார்த்துவிடலாம்.

படி 4: கடையில் கண், விரல், காது

கோவை டவுன்ஹாலைச் சுற்றியுள்ள தெருக்களோ ஈரோடு மணிக்கூண்டுப் பக்கமோ, எந்த ஊரானாலும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். ஜூன் மாதப் பள்ளித் திறப்புக் கூட்டத்தில் போய் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல நேரமிருக்காது. மதியம் இரண்டரை, மூன்று மணிக்குப் போனால் கடைக்காரரே ஒரு தாளை உருவித் தருவார்.

முதலில் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நார் ஒரே சீராகப் பரவியிருந்தால் பால் மாதிரி ஒரே வெளிச்சம் தெரியும். மேகம் மேகமாகத் திட்டுத் தெரிந்தால் சில இடத்தில் தாள் அடர்த்தி, சில இடத்தில் ஒல்லி. ஒரே வரியில் ஒரு சொல் நன்றாக வந்து அடுத்த சொல் ஊறுவதற்கு இந்தத் திட்டுதான் காரணம்.

அடுத்தது காது. தாளின் ஒரு மூலையைப் பிடித்து உதறுங்கள். கஞ்சி ஏறிய தாள் சடசடக்கும், கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியை உதறுகிற சத்தம் அது. கஞ்சி குறைந்த தாள் பழைய துண்டு மாதிரி சத்தமில்லாமல் தொங்கும். இது நூற்றுக்கு நூறு சரியான சோதனை இல்லை, ஆனால் இருபது நோட்டை ஐந்தாகக் குறைக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

பிறகு விரல். உள்ளங்கையால் தடவாதீர்கள், கை எண்ணெய் தாளில் ஒட்டும், அந்த இடத்தில் பிறகு மை பிடிக்காது. பெருவிரல் நகத்தின் பின்பக்கத்தால் லேசாக வருடிப் பாருங்கள். தூசி மாதிரி வெள்ளைப் பொடி வந்தால் வேண்டாம், அந்தப் பொடியும் நாரும் முள்ளின் பிளவில் போய் அடைத்துக்கொள்ளும். கடைசியாக, விரல் நுனியை நீரில் தொட்டு ஒரு மூலையில் வைத்து ஐந்து எண்ணுங்கள். உடனே கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவினால் கஞ்சி இல்லை. ஈரம் மேலேயே மினுங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 5: எழுதிப் பார்ப்பது

இதுதான் உண்மையான சோதனை, இதற்கு அவசரப்படக் கூடாது. கடையில் முடியாவிட்டால் ஒரே ஒரு நோட்டை வாங்கி வந்து வீட்டில் செய்யுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

தலையில் பிள்ளையார் சுழி. வழக்கம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ‘உ’ என்ற அந்த ஒரே இழுப்பில் வட்டம், வளைவு, நேர்கோடு மூன்றும் இருக்கின்றன. வளைவில் கோட்டின் ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த வரியில், “பண்ணையத்து அண்ணன் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றினான்” என்று உங்கள் சாதாரணக் கையெழுத்தில், சாதாரண வேகத்தில் எழுதுங்கள். சோதனை என்பதற்காக அழகாக எழுத வேண்டாம். மூன்று சுழி ‘ண’வில் நடுச்சுழி அடைபட்டால் அந்தத் தாளில் உங்கள் எழுத்தின் அளவுக்கு அந்த முள் தடிமன். ஒன்று முள்ளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் தாளை. ‘ண’வும் ‘ன’வும் தள்ளி வைத்துப் பார்த்தாலும் வேறாகத் தெரிய வேண்டும். இரண்டும் குழம்புகிற தாளில் தமிழ் எழுதுவது படிப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாவது வரியில் புள்ளிகள். முதல் புள்ளி வழக்கம் போலத் தொட்டு எடுங்கள். இரண்டாவதில் முள்ளை ஒரு விநாடி வைத்து எடுங்கள், மூன்றாவதில் இரண்டு விநாடி, நான்காவதில் மூன்று விநாடி. தாளைத் திருப்புங்கள். முதல் புள்ளியே பின்பக்கம் வந்தால் நிராகரியுங்கள். மூன்றாவதுதான் வருகிறது என்றால் தாராளமாக வாங்கலாம். நான்கும் வரவில்லை என்றால் அந்தக் கடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, ஒரு சின்னக் கட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துக் கோடு. ஈரமான கோட்டின் மேல் இன்னொரு கோடு போகும்போது தாள் நைந்து நார் எழுகிறதா என்று இதில் தெரியும்.

ஐந்தாவதாக, வேகமாக ஒரு கையெழுத்துப் போடுங்கள். நடுவில் கோடு விட்டுப் போனால் தாள் அளவுக்கு மீறி வழவழப்பு, அல்லது கை எண்ணெய். இரண்டில் எது என்று தெரிய, கையே படாத இன்னொரு பக்கத்தில் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக நான்கு கோடு வரிசையாக இழுத்து, 5 விநாடி, 10, 20, 30 என்று ஒவ்வொன்றையும் விரலால் தேயுங்கள். எந்தக் கோடு தீற்றாமல் நிற்கிறதோ அதுதான் இந்தத் தாளில் உங்கள் மை காயும் நேரம்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பக்கத்தை ஒரு ராத்திரி விட்டுவிட்டுக் காலை வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் பளிச்சென்று தெரிந்த மை காய்ந்தபின் சப்பென்று போயிருந்தால் தாள் உள்ளே குடித்துவிட்டது என்று அர்த்தம்.

கோடு போட்ட நோட்டு என்றால் ஒன்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். அச்சடித்த கோட்டின் மேல் உங்கள் எழுத்தின் கால் படும் இடத்தில் என்ன ஆகிறது? சில நோட்டுகளில் கோட்டு மை நம் மையைத் தள்ளிவிடும், அந்த இடத்தில் எழுத்து அறுந்து தெரியும். தாள் நன்றாக இருந்தும் கோடு கெடுத்த நோட்டுகள் நிறைய.

படி 6: தாளுக்கு இரண்டு முகம்

ஆலையில் சல்லடையைத் தொட்டபடி உருவான பக்கமும் அதன் மேல்பக்கமும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காப்பியர் தாள் கட்டின் உறையில் ஓர் அம்புக்குறி இருக்கும், எந்தப் பக்கம் முதலில் அச்சடிக்க வேண்டும் என்று காட்டுவதற்கு. மைப்பேனாவுக்கும் அந்தப் பக்கத்தை முதலில் முயலுங்கள். உறையைக் கிழிக்கும்போதே அம்பு காட்டும் பக்கத்துத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டால் பிறகு தேட வேண்டாம்.

படி 7: எந்தத் தாள் எதற்கு

அச்சகக்காரர்களிடமும் பேப்பர் கடையிலும் புழங்கும் பெயர்கள் தெரிந்திருந்தால் பேரம் சுலபம்.

காப்பியர் தாள் எங்கும் கிடைக்கும், மலிவு. நம் பக்கத்தில் இதில் ஒரு சிறப்பு உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1979-ல் தொடங்கப்பட்டு 1984-ல் உற்பத்திக்கு வந்தது. அதன் அடிப்படையே கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்துத்தான் கொதிகலன் ஓட்டும். அதற்கு மாற்று எரிபொருள் கொடுத்துவிட்டுச் சக்கையை வாங்கிக்கொள்கிறார்கள். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் 1960-ல் நிறுவப்பட்ட சேஷசாயி காகித ஆலையிலும் சக்கைக் கூழ் உண்டு. சக்கையின் நார் பைன் மர நாரைவிடக் குட்டை. குட்டை நார் நெருக்கமாகப் படிந்து மேற்பரப்பு மட்டமாக வரும். அமெரிக்காவில் கரும்புச் சக்கைத் தாளில் வந்த மலிவு நோட்டுகளை மைப்பேனாக்காரர்கள் தேடித்தேடி வாங்கிய காலம் உண்டு. நம் வாழ்நாள் முழுக்கக் கண்ணெதிரே டிராக்டரில் போகும் கரும்பு அது. சக்கைக் கூழ் கலந்த 80 ஜி.எஸ்.எம். காப்பியர் தாளில் என் மீடியம் முள் வேர் விடாமல் எழுதியிருக்கிறது. ஆனால் கட்டுக்குக் கட்டு மாறும், ஒவ்வொரு கட்டையும் சோதிக்கத்தான் வேண்டும்.

மேப்லித்தோ அச்சகத்தில் பில் புத்தகமும் நோட்டும் அடிக்கும் தாள். நல்ல மேப்லித்தோவில் மேற்பரப்பில் ஸ்டார்ச் பூச்சு இருக்கும், அது நமக்கு ஏற்றது. கிரீம்வோவ் அதைவிட மலிவு, பூச்சு குறைவு, பள்ளி நோட்டுகளில் பெரும்பாலும் இதுதான். ஃபைன் முள்ளும் வறண்ட மையும் இருந்தால் சமாளிக்கலாம்.

பாண்ட் பேப்பர் கடிதத்துக்கு. சடசடப்பு இதில்தான் அதிகம். எக்ஸிகியூட்டிவ் பாண்ட் என்று கேட்டால் சில கடைகளில் உதிரியாகவே தருவார்கள். நான் வீட்டு விசேஷத்துக்குக் கைப்பட அழைப்புக் கடிதம் எழுதுவது இதில்தான்.

லெட்ஜர் பேப்பர் என் அப்புச்சியின் தாள். வருஷக்கணக்கில் இருக்க வேண்டிய கணக்குக்காகவே கெட்டியாகக் கஞ்சி ஏற்றிச் செய்தது. கம்ப்யூட்டர் வந்தபின் இதைக் கேட்பவர் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் ஆயுத பூஜைக்குப் புதுக்கணக்கு போடும் கடைகள் இன்னும் கேட்கின்றன. அந்தச் சமயத்தில் குயர் கணக்கில் நீள நோட்டுகள் கடை வாசலிலேயே அடுக்கியிருக்கும். பெயர் லெட்ஜர் என்று இருந்தாலும் உள்ளே வேறு தாள் வைத்துக் கட்டியதும் உண்டு, எழுதிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வேண்டாதவை: நியூஸ்பிரிண்ட், கதைப் புத்தகம் அடிக்கும் புசுபுசு தாள் (இரண்டும் குடிக்கும்), பளபளப்புப் பூச்சுள்ள ஆர்ட் பேப்பர் (மை எளிதில் காயாது). கையால் செய்த தாள் பார்க்க அழகு. நார் எழுந்து முள்ளில் சிக்கும், தடித்த முள் இருந்தால் மட்டும்.

படி 8: ஒன்று தேறியதும், அன்றைக்கே மொத்தமாக

நோட்டு தயாரிப்பவர்கள் பலரும் தாளைச் சொந்தமாகச் செய்வதில்லை. அந்தந்தச் சமயத்தில் கிடைக்கும் ஆலைத் தாளை வாங்கிக் கட்டுகிறார்கள். அதே அட்டை, அதே விலை, அடுத்த மாதம் உள்ளே வேறு தாள். எனக்குத் தாள் தரும் ஈரோட்டுக் கடைக்காரர் இதை ஒளிக்காமல் சொல்வார்: “ஏனுங்க, எழுதிப் பாத்துட்டே வாங்குங்க. போன வாரம் வந்த கட்டு வேறீங்க, இது வேறீங்க. எனக்கே தெரியறதில்லீங்க.”

எனவே ஒரு நோட்டு சோதனையில் தேறினால் அதே அடுக்கிலிருந்து வருஷத்துக்கு ஆகும் அளவு அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பின்னட்டையில் தயாரிப்பு மாதம் இருந்தால் ஒன்று போலப் பார்த்து எடுங்கள். சோதனைத் தாளைக் கிழித்து, கடை, தேதி, பேனா, மை நான்கையும் எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். எனக்கு இந்த ஃபைல் எந்த விளம்பரத்தையும்விட உதவியிருக்கிறது.

இதைவிட நல்ல வழி, தாளை ரீமாக வாங்கி நோட்டாகக் கட்டிக்கொள்வது. அச்சகங்கள் நிறைந்த ஊர் நம் ஊர்கள். கட்டிங் மிஷின் இருக்கும் அச்சகத்தில் போய் மேப்லித்தோவோ லெட்ஜரோ வெட்டி மிஞ்சிய துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சும்மாவே தருவார்கள். நான்கைந்து ரகத் துண்டுகளை வீட்டில் சோதித்து, தேறியதை ஒரு ரீம் சொல்லி, வேண்டிய அளவில் வெட்டி, பைண்டிங் கடையில் கொடுங்கள். கொடுக்கும்போது தையல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், பசை மட்டும் வைத்தால் நோட்டு தட்டையாக விரியாது. கோடு வேண்டும் என்றால், அழுத்தமாகக் கோடு அச்சடித்த ஒரு தாளை அடியில் வைத்துக்கொண்டு எழுதலாம், 80 ஜி.எஸ்.எம். வரை கோடு மேலே தெரியும்.

கெட்ட தாளில் எழுதியே ஆக வேண்டுமென்றால்

தேர்வு விடைத்தாளையும் அலுவலகப் படிவத்தையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே தாளுக்கு ஏற்றபடி பேனாவை மாற்ற வேண்டும். மெல்லிய முள், வறண்ட மை, கை அழுத்தாத எழுத்து. புள்ளியைக் குத்தாமல், தொட்டு இழுத்த சிறு கோடாக வைத்துப் பழகினால் ஊறுவது பாதியாகக் குறையும். மை சொட்டிவிட்டால் பள்ளிக்கூடத்தில் செய்தது போலச் சாக்பீஸின் பக்கவாட்டை வைத்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். மாணவர்கள் பரீட்சைக்கு முந்தைய வாரமே அந்தப் பேனாவில் பள்ளி நோட்டில் எழுதிப் பார்த்துக்கொள்வது நல்லது.

வாங்கிய தாளை வைத்திருப்பது

காகிதம் காற்றின் ஈரத்தை இழுக்கும். சித்திரை வெயிலில் கரூரில் நன்றாக எழுதிய அதே தாள் ஐப்பசி அடைமழையில் லேசாக வேர் விடும். வால்பாறை, குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்கு வருஷத்தில் பாதி நாள் இந்தக் கஷ்டம் உண்டு. கட்டைப் பிரித்ததும் வேண்டிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உறையோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, நிமிர்த்தி வைக்காமல் படுக்க வையுங்கள். தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். கோடையில் வேறு தொந்தரவு: கை வியர்க்கும். எழுதும்போது உள்ளங்கைக்கு அடியில் ஒரு தனித் தாளைப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தின் கீழ்ப்பாதியில் மை விட்டுப் போவது நின்றுவிடும்.

ராமபாணப் பூச்சிக்கு ஸ்டார்ச் என்றால் உயிர். கஞ்சி நன்றாக ஏறிய தாளைத்தான் அது முதலில் தேடி வரும். அப்புச்சியின் பேரேடு இருக்கும் பீரோவில் அம்மாயி வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போட்டு வைத்திருந்தார். நானும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிறேன். கூடவே நோட்டுகளை எல்லாம் எடுத்து, பக்கங்களை ஒருமுறை புரட்டி, நிழலில் அரை நாள் காற்றாட வைத்துத் திரும்ப அடுக்குகிறேன்.